தனிக்கு அப்புறம் ஒன்றரை நிமிஷம்

என்னிடம் ஓர் இசைத்தட்டு இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னால், அமெரிக்காவில் ஏதோ ஒரு நடன மண்டபத்தில், ஒரு பெரிய பேண்டு ஜனங்களுக்கு முன்னால் வாசித்ததை அப்படியே பிடித்துப் போட்டது. பதினைந்து பேர் வாசிக்கிறார்கள். கீழே ஒரு பெருங்கூட்டம் ஆடுகிறது, விசில் அடிக்கிறது, நடுவில் ஒருவர் இருமுகிறார். பேண்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களிடம் சொன்னால், "அதுவா? அதைவிட நல்லது ஒன்று இருக்கிறதே" என்று ஆரம்பிப்பார்கள். தெரியாதவர்கள் "ஓகோ" என்பார்கள். இரண்டுமே எனக்கு ஆகாது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஒப்புக்கொண்டதில்லை.

தட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசி உருப்படி பதினோரு நிமிஷம். முதலில் எல்லோரும் சேர்ந்து ஓர் ஆர்ப்பாட்டம். பிறகு கிளாரினெட்காரர் கொஞ்சம் துள்ளிவிட்டுப் போவார். சாக்ஸஃபோன்காரர் கொஞ்சம் குழைந்துவிட்டுப் போவார். அப்புறம் மற்றவர்கள் எல்லோரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொள்ள, டிரம்ஸ்காரர் ஒருவர் மட்டும் மூன்றரை நிமிஷம் வெளுத்து வாங்குவார். கூட்டம் கத்தித் தீர்க்கும். சரி, இனிமேல் எல்லோருமாகச் சேர்ந்து ஓங்கி அடித்து முடிக்கப்போகிறார்கள் என்று நாம் நினைக்கிற இடத்தில் முடிக்க மாட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு ட்ரம்பெட், வாயில் மூடி செருகிய ட்ரம்பெட், மெதுவாக எழும். அவரை யாரும் வாசிக்கச் சொன்னதாகத் தெரியவில்லை. அவசரமே இல்லாமல், தனக்குத்தானே பேசிக்கொள்கிற குரலில், ஒன்றரை நிமிஷம் வாசிப்பார். கத்திக்கொண்டிருந்த கூட்டம் ஒவ்வொருவராக அடங்கும். அந்த அடக்கம் தட்டில் கேட்கும். கடைசியில் அந்த இருமல்காரர் மட்டும் மிச்சம் இருப்பார், அவரும் பாதியில் நிறுத்திக்கொள்வார்.

கல்யாணத்துக்கு முன்னால் வடபழனியில் ஒரு மாடி அறையில் இருந்தேன். இந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் என் அறையில் என் குரலே எனக்குக் கேட்காது. இந்தத் தட்டைத் தி.நகர் நடைபாதையில் அட்டைப்படத்துக்காக வாங்கினேன். இலாகா பரீட்சையில் மூன்றாவது முறையாகத் தோற்ற அன்றைக்கு, கதவைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டேன். அந்த ஒன்றரை நிமிஷம் வந்தபோது அழுதேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன். முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு கீழே போய் மூன்று தோசை சாப்பிட்டேன்.

இந்த ஒன்றரை நிமிஷத்தை என் மனைவி ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும் என்பது என் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இருந்ததில்லை. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. இது நடக்கவில்லை.

அவள் மயிலாப்பூர்க்காரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்த வீட்டில் காலையில் காபி வருவதற்கு முன்னால் சங்கீதம் வந்துவிடும். தாளம் அவளுக்கு ஓர் உடம்பு உபாதை மாதிரி. ஆட்டோவில் போனால் என்ஜினுக்குத் தாளம் போடுவாள், மழையில் வைப்பருக்குத் தாளம் போடுவாள். வைப்பர் சில சமயம் அரை மாத்திரை தள்ளி வருகிறது என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறாள்.

என் தட்டை அவள் வெறுத்தாள் என்று சொல்ல முடியாது. "பாத்திரக்கடையில பூனை பூந்துடுத்தா?" என்று ஒரு தடவை கேட்டாள், அவ்வளவுதான். ஆனால் நான் அதைப் போட்டதும் எழுந்துவிடுவாள். கிளாரினெட் வரை இருப்பாள். சாக்ஸஃபோன் ஆரம்பித்தால் குக்கர் விசில் அடிக்கும், அல்லது கூரியர்காரன் வருவான், அல்லது அவளுடைய தம்பி போன் பண்ணுவான், அல்லது எதுவுமே நடக்காது, இருந்தாலும் எழுந்து போய் காயாத துணியை எடுத்து மடிப்பாள். டிரம்ஸ் வரைக்கும்கூட அவள் வந்ததில்லை.

நானோ அவளுக்காக உட்கார்ந்திருக்கிறேன். மார்கழி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அவளுடைய கைப்பை, சால்வை, தண்ணீர் பாட்டில், மூன்று சபாக்களின் நிகழ்ச்சி நிரல் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு, பல்லவி எப்போது முடியும் என்று விதானத்து மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அவளுடைய தொடை வலித்தால் என் தொடையில் தாளம் போடுவாள். நான் வாயைத் திறந்ததில்லை. ஒரு பதில் மரியாதை வேண்டாமா? ஒன்றரை நிமிஷம்தானே?

இப்படி வயிற்றெரிச்சலோடு நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் மைத்துனனுக்கு ஓர் ஆபத்து வந்தது.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவன். இப்போது மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடி ஹாலில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூடுகிற சங்கீத வட்டத்துக்குச் செயலாளர். நாற்பது உறுப்பினர்கள். அறுபத்தைந்து வயதுக்காரரை அங்கே "தம்பி" என்று கூப்பிடுவார்கள். அந்த மாதம் தோடியைப் பற்றிப் பேச வரவேண்டிய வித்வானுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை மைத்துனன் எனக்குப் போன் செய்தான்.

"அத்திம்பேர், உங்ககிட்ட அந்த இங்கிலீஷ் தட்டு ஒண்ணு இருக்கோன்னோ? அதைப் போட்டு நாலு வார்த்தை பேசிடுங்கோ. வேற ஆள் கிடைக்கலை."

கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் கோபித்துக்கொள்ளவில்லை. என் மூளை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஹாலில் குக்கர் இல்லை. கூரியர் வராது. தம்பி அங்கேயே இருப்பதால் போன் பண்ண மாட்டான். கூட்டத்துக்கு வருகிறவர்களில் என் மனைவி முதல் ஆள். அவள் உட்கார்ந்தே ஆக வேண்டும். முப்பத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மாலை அடுத்த செய்தி வந்தது. டிபன் பொறுப்பு இந்த மாதம் என் மனைவியுடையது. அதாவது போண்டா வரும்போது எண்ணி வாங்க வேண்டும், சட்னி பார்க்க வேண்டும், காபி சூடு ஆறாமல் கவனிக்க வேண்டும். ஹாலின் பின்பக்கம் மேஜை போட்டு, அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

"டிபனை முடிஞ்சப்புறம் வெச்சுக்கலாமே?" என்று மைத்துனனிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி.

"அதெப்படி அத்திம்பேர்? ஆறு மணிக்கு மேல போண்டா சாப்ட்டா பாதிப் பேருக்கு ராத்திரி ஜீரணமாகாது. அஞ்சேகாலுக்கு வந்துடும். வேணுங்கறவா எழுந்து போய் சாப்டுட்டு வருவா, உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

ஞாயிறு மூன்றரைக்கே தட்டையும் ரெக்கார்டு பிளேயரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அந்த வட்டத்துக்கு வழக்கமாக மைக் செட் போடுகிற பாய் ஏற்கெனவே வந்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். நிக்காஹ், அறுபதாம் கல்யாணம், கோயில் உபந்நியாசம் எதுவானாலும் இவர்தான். தட்டை உறையிலிருந்து எடுத்ததும் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

"இன்னா சார், இம்மாம் பெர்சா கீது! நீ பென் டிரைவ்ல எட்த்தாருவேன்னு நெனச்சேன். ஊசி நல்லா கீதா?"

"புது ஊசி."

"அப்ப வுடு. நான் பாத்துக்கறேன். லைட்டா எக்கோ குட்த்தா கும்முனு இருக்கும்."

"எக்கோ வேண்டாம் பாய்."

"கொஞ்சோண்டு சார்."

"வேண்டவே வேண்டாம்."

"சரி சார், டென்ஷன் ஆவாத" என்றார். எக்கோ போட்டார்.

நான்கரைக்கு ஹால் நிறைந்தது. மைத்துனன் மைக்கைப் பிடித்தான். என்னை அறிமுகப்படுத்தப் பதினான்கு நிமிஷம் எடுத்துக்கொண்டான். அதில் என்னைப் பற்றி ஒன்றரை நிமிஷம். மிச்சம், ரசாயனத்துக்கும் சங்கீதத்துக்கும் உள்ள தொடர்பு. நிகழ்ச்சிக்கு 'மேலைநாட்டு வாத்திய விருந்து' என்று பேர் வைத்திருந்தான். தோடிக்காக வந்திருந்தவர்கள் சிலர் அப்போதுதான் தோடி இல்லை என்று தெரிந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை. போண்டா இன்னும் வரவில்லை.

நான் பேசினேன். பேண்டில் யார் யார், எந்த வாத்தியம் எங்கே உட்காரும், ஸ்விங் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கையைத் தூக்கி, "என்ன ராகம்?" என்றார். ராகம் இல்லை என்றேன். "சரி, தாளமாவது உண்டா?" என்றார். நாலு நாலாக எண்ணலாம் என்றேன். "அப்போ ஆதி தாளம்னு சொல்லுங்கோளேன்" என்றார். ஹால் முழுக்க ஒரு நிம்மதி பரவியது. நாற்பது கைகளும் தயாராயின.

தட்டைப் போட்டேன். முதல் ஆர்ப்பாட்டத்திலேயே கைகள் விழ ஆரம்பித்துவிட்டன. தொடையில் ஒரு தட்டு, விரல் எண்ணிக்கை, கையைத் திருப்பி ஒரு வீச்சு. பதினைந்து அமெரிக்கர்களும் நாற்பது மயிலாப்பூர்க்காரர்களும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் போனார்கள். கிளாரினெட் முடிந்ததும் தட்டுக்குள் இருந்த கூட்டம் கைதட்டியது. "பாடிண்டே இருக்கறப்போ கைதட்டறாளே, நாகரிகம் தெரியாதவா" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. நான் பின்பக்க மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாக்ஸஃபோன் ஆரம்பித்தபோது போண்டா வந்தது.

என் மனைவி அதை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்தால் வந்து உட்காருவாள் என்று நினைத்தேன். அடுத்துச் சட்னி வாளியைத் திறந்தாள். முப்பத்திரண்டு வருஷமும் இதே சாக்ஸஃபோன்தான், இதே எழுந்து போதல்தான், இடம் மட்டும் மாறியிருக்கிறது என்று தோன்றியபோது எனக்குக் காது சுட ஆரம்பித்தது.

அப்புறம் டிரம்ஸ் தனியாக ஆரம்பித்தது. அந்த இடத்தில் நான் போட்டிருந்த கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததை அப்போதுதான் கண்டேன்.

கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். வெள்ளைக்காரன் டிரம்ஸுக்கும் அதே சட்டம் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் பத்து விநாடி எல்லோரும் கூர்ந்து கேட்டார்கள். வேறு வாத்தியம் எதுவும் வரவில்லை என்பது உறுதியானதும், முன்வரிசைப் பெரியவர் பக்கத்து நாற்காலிக்காரரின் முழங்காலைத் தட்டி, "தனி ஆரம்பிச்சுடுத்து, வாங்கோ" என்றார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. நாற்பது பேரும் எழுந்தார்கள். செயலாளரும் எழுந்தான். போகிற வழியில், "பிரமாதம் அத்திம்பேர்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

பின்பக்கம் முழுக்க முதுகுகள். அந்த முதுகுகளுக்கு அப்பால் எங்கேயோ என் மனைவி தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். டம்ளர் சத்தம், சட்னி போதுமா என்ற விசாரணை, யாருடைய போனிலோ சஷ்டி கவசம். இன்னும் இரண்டு நிமிஷத்தில் அந்த ட்ரம்பெட் வரப்போகிறது. காலி நாற்காலிகளுக்கு வாசிக்கப்போகிறது. மனிதர்களா இவர்கள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. நீங்கள் போண்டாவே சாப்பிடுங்கள் என்று நினைத்துக்கொண்டு ஊசியைத் தூக்கிவிட்டேன்.

ஹால் சட்டென்று அமைதியானது. கையில் பாதிக் கடித்த போண்டாவோடு நாற்பது பேர் திரும்பினார்கள். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், எனக்கு நேர் எதிரே, முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"தனிக்கு நடுவுல நிறுத்தற மனுஷனை இப்பத்தான் பார்க்கறேன்! என்ன காரியம் பண்றேள்?"

என் மனைவி. முன்வரிசையில், நட்டநடுவில், தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள். வலது கை தொடையின் மேல் விரிந்தபடி நின்றிருந்தது. கூட்டம் பின்னால் போகும்போது இவள் எதிர்த்திசையில் முன்னால் வந்திருக்கிறாள். போண்டா மேஜையில் பரிமாற யாரும் இல்லை, அவரவரே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நான் ஒன்றை மறந்துபோயிருந்தேன். இந்த ஊரில் ரசிகர்கள் இரண்டு ஜாதி. தனி வந்தால் காண்டீனுக்குப் போகிறவர்கள் ஒரு ஜாதி. தனி வந்தால் செத்தாலும் எழுந்திருக்காதவர்கள் இன்னொரு ஜாதி. இந்த இரண்டாவது ஜாதி மிகச் சிறியது. என் மாமனார் வீடு அதைச் சேர்ந்தது. பெண் பார்க்கப் போன அன்றைக்கு என் மாமனார் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, "தனி முழுக்க உட்காருவேளா?" என்றுதான் கேட்டார். உட்காருவேன் என்று பொய் சொல்லித்தான் இந்தக் கல்யாணமே நடந்தது. ஆனால் என் தட்டில் ஒரு தனி இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. அவள்தான் சாக்ஸஃபோனிலேயே எழுந்து போய்விடுவாளே.

"பாத்திரக்கடைன்னு சொன்னியே" என்றேன். சபையில் பேசுகிற பேச்சா அது? வாயில் வந்துவிட்டது.

"அது அப்போ. இவன் கணக்கா வாசிக்கறான். மூணு மூணா பிரிச்சு நாலுக்குள்ள கொண்டு வரான், எங்க வந்து விழறான்னு பார்க்கறதுக்குள்ள தூக்கிட்டேளே! போடுங்கோ திரும்ப. தனி ஆரம்பத்துலேர்ந்து."

நான் ஊசியைத் தடவித் தடவி வைத்தேன். சாக்ஸஃபோனின் வாலில் போய் விழுந்தது. அது முடிந்து டிரம்ஸ் மறுபடி ஆரம்பித்தது. பின்னாலிருந்து, "இன்னொரு தனியா? தேவலையே" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் இரண்டாவது போண்டாவுக்குத் திரும்பினார்கள்.

இவள் தாளம் போட ஆரம்பித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். டிரம்ஸ்காரர் என்னென்னவோ செய்தார். குறுக்கே போனார், நின்றார், ஏமாற்றினார். இவள் அசையவில்லை. போருக்கு முன்னால் அடித்த அந்த மனிதனைத் தன் உள்ளங்கைக்குக் கீழே பிடித்து வைத்திருந்தாள். கடைசியில் அவர் ஒரு நீளமான உருட்டல் உருட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இவளுடைய கையும் அதே கணத்தில் இறங்கியது. "வந்துட்டான்" என்றாள், யாரிடமும் இல்லாமல். முகமெல்லாம் சந்தோஷம்.

அவ்வளவுதான், எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். தனி முடிந்துவிட்டது. கடமை முடிந்துவிட்டது. பின்னால் மேஜை கிடக்கிறது.

ட்ரம்பெட் எழுந்தது.

ஹாலில் டம்ளர் சத்தம் அப்படியேதான் இருந்தது. யாரோ ஒருவர் முழங்கால் வலிக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் கேட்காமலே பெட்டியில் ஏதோ ஒரு குமிழைத் திருப்பினார். எக்கோ போய்விட்டது.

இவளுடைய கை பழக்கத்தில் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு ஆவர்த்தனம், அதாவது தாளத்தில் இரண்டு முழுச் சுற்று, போட்டாள். அந்த ட்ரம்பெட்காரர் தாளத்தோடு வருகிறவர் இல்லை, கொஞ்சம் பின்னாலேயே தங்கித் தங்கி வருவார், ஆனால் விட்டுவிட மாட்டார். இவள் புருவத்தைச் சுருக்கினாள். கையை மெதுவாக்கிப் பார்த்தாள். பிறகு வீச்சில் திருப்பிய கை திரும்பி வரவில்லை. உள்ளங்கை மேலே பார்த்தபடி தொடை மேல் அப்படியே கிடந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில், எத்தனையோ கச்சேரியில், இவள் ஓர் ஆவர்த்தனத்தை நடுவில் விட்டு நான் பார்த்ததில்லை.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில், அன்றைக்கு அந்த ஒன்றரை நிமிஷத்தை நான் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

பேண்டு முழுக்கச் சேர்ந்து ஓங்கி அடித்து முடித்தது. பின்னாலிருந்து எல்லோரும் எண்ணெய்க் கையோடு பலமாகத் தட்டினார்கள். மைத்துனன் ஓடிவந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினான். நன்றியுரை சொன்னவர், இன்றைய தனி ஆவர்த்தனம் நம் எல்லோரையும் கட்டிப் போட்டுவிட்டது என்றார். பாய் ஒயரைச் சுருட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து, "சார், கட்சீல ஒர்த்தரு ஊதினாரே, அதெ எனக்கு பென் டிரைவ்ல போட்டுக் குடு சார்" என்றார்.

ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினோம். நான் பிளேயரை மடியில் வைத்திருந்தேன். அவள் தட்டை வைத்திருந்தாள். எனக்கு உள்ளுக்குள் வெற்றி விழா நடந்துகொண்டிருந்தது. அவள் என்ன சொன்னால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று பதில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பெருந்தன்மையாக இருப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கேட்டாள்.

"அவர் யாரு?"

"டிரம்ஸ்காரரா?"

"அவர் இல்லை. பின்னாடி உக்காந்துண்டு வாசிச்சாரே."

"தெரியாது. உறையில ட்ரம்பெட்டுக்கு மூணு பேர் போட்டிருக்கு. அதுல எந்த ஆளுன்னு போடலை."

"போடலையா? இவ்வளவு வாசிச்சிருக்கார், பேர்கூடப் போடலையா?" என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஏன்னா, முப்பத்திரண்டு வருஷமா இப்படி ஒண்ணு இந்த ஆத்துல இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

பெருந்தன்மை பறந்துவிட்டது. எங்கிருந்து வந்ததோ அவ்வளவும் வந்தது. பால் பொங்குகிறது என்று போனது, காய்கறிக்காரன் என்று போனது, என் அறுபதாவது பிறந்த நாளன்று தட்டைப் போட்டபோது மாடியில் வடாம் காய்கிறது என்று போனது, ஊரடங்கில் எங்கேயும் போக முடியாத நாளில்கூட பீரோவை ஒழிக்கிறேன் என்று போனது. ஒன்று விடாமல் நாள், கிழமையோடு சொன்னேன். இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் விடைத்தாள் திருத்துகிறவள் மாதிரி முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"எல்லாம் சரி. நான் எழுந்து போனேன். வாஸ்தவம். நான் எழுந்திருக்கறப்போ, 'போகாதே, இதுல ஒண்ணு வரப்போறது, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், உக்காரு'ன்னு ஒரு தடவை சொல்லியிருக்கேளா?"

சொல்லியிருப்பேன் என்று வாயைத் திறந்தேன். எப்போது என்று தேடினேன். பால் பொங்கிய நாளில் தேடினேன், வடாம் நாளில் தேடினேன், ஊரடங்கில் தேடினேன். எல்லா நாளிலும் நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாய் மூடியிருக்கிறது. அவளுக்குத் தானாகவே தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன். தோன்றாமல் அவள் போனபோதெல்லாம் எனக்கு வருத்தம்தான், ஆனால் அந்த வருத்தத்தில் ஒரு ருசியும் இருந்திருக்கிறது. பார், நான் நினைத்த மாதிரியே போகிறாள் என்கிற ருசி. அதற்காகவும்தான் திரும்பத் திரும்பத் தட்டைப் போட்டிருக்கிறேன். நினைக்கவே கூச்சமாக இருந்தது.

"இல்லை" என்றேன். "சொன்னதில்லை."

அவள் தலையை ஆட்டினாள். தட்டை மேஜை மேல் வைத்துவிட்டு, பால் காய்ச்ச வேண்டும் என்று சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் உக்காரேன்" என்றேன்.

கதவருகில் இருந்த நாற்காலியில், செருப்பைக்கூடக் கழற்றாமல், உட்கார்ந்தாள்.